கொழுந்தின் விலையும் போக்கிடமும்

பெரகலைச் சந்தியிலிருந்து வெல்லவாயவை நோக்கி இறங்கும் வீதி, ஊவா மலைகளின் தென்முகத்தை வளைந்து வளைந்து செல்வது. அவ்வீதியில், தியலும நீர்வீழ்ச்சியை அடைவதற்குச் சில மைல் முன்னதாக, கொஸ்லந்த என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. தெற்கே நோக்கினால் தாழ்நிலத்துக் காடுகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பரந்து கிடக்கும். வடக்கே நிமிர்ந்தால் தேயிலை படர்ந்த மலைச்சுவர் எழுந்து நிற்கும். அம்மலைத் தொடரின் மேலே, அப்புத்தளைப் பக்கமாக, லிப்டன் இருக்கை என்று அழைக்கப்படும் ஒரு முகடு உண்டு. கிளாஸ்கோ நகரத்து மளிகை வணிகரான தோமஸ் லிப்டன், தம்முடைய தோட்டங்களை அங்கு அமர்ந்து பார்வையிட்டார் என்பது வழிவழி வந்த செய்தி. அவர் 1890ஆம் ஆண்டிற் கட்டுவித்த தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலை இன்றும் அம்மலையில் நிற்கின்றது.

உலகில் ஒருசில நாடுகள் செல்வத்திலும் பல நாடுகள் வறுமையிலும் இருப்பது ஏன் என்னும் வினாவைப் பொருளியலறிஞர் பன்னெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாராய்ச்சிக்குப் பெருநூல்களும் புள்ளிவிவரத் தொகுதிகளும் இன்றியமையாதனவே. ஆயினும் கொஸ்லந்தவின் மலைச்சரிவில் ஒரு நாளிற் பறிக்கப்படும் கொழுந்தைப் பின்தொடர்ந்து சென்றாலே அவ்வினாவின் பெரும்பகுதி விளங்கிவிடும். நேயர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

கொழுந்து பறிக்கும் ஒரு பெண் நாளொன்றுக்கு 18 கிலோ பச்சைக் கொழுந்தைத் தராசுக்குக் கொண்டுவருகிறார் எனக் கொள்வோம். தோட்டங்கள் பலவற்றில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, ஏறத்தாழ இவ்வளவே எதிர்பார்க்கப்படுவது. அக்கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்திச் சலித்தால் 4 கிலோ அளவிலே தேயிலைத் தூள் கிடைக்கும். 2024ஆம் ஆண்டிற் கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோவின் சராசரி விலை 1,200 ரூபாவைச் சற்றுக் கடந்து நின்றது. ஆகவே, அவருடைய ஒரு நாளைக் கொழுந்து ஏலத்திலே ஏறத்தாழ 4,900 ரூபாவாகியது. அவ்வாண்டு செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. இனி, அத்தூள் கடல் கடக்கிறது. ஒரு தேயிலைப் பையில் 2 கிராம் தூள் அடங்கும். எனவே 4 கிலோவிலிருந்து 2,000 பைகள். நூறு பைகள் கொண்ட பெட்டி ஒன்று ஐரோப்பியக் கடையில் ஐந்து யூரோவுக்கு விலைபோகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், இருபது பெட்டிகளுக்கு நூறு யூரோ. அவ்வாண்டின் நாணயமாற்று விகிதப்படி பார்க்குமிடத்து, பறித்தவர் கையில் நான்கு யூரோ, ஏலத்திலே பதினைந்து, கடைத்தட்டில் நூறு.

நான்கு, பதினைந்து, நூறு என்னும் இம்மூன்று எண்களையும் கேட்டவுடன், இடையில் எவரோ கொள்ளையடிக்கின்றார் என்ற முடிவுக்கு வருதல் எளிது. அம்முடிவு முற்றிலும் தவறன்று. ஆனால் அது போதுமானதன்று. நான்குக்கும் பதினைந்துக்கும் இடையே உரம், விறகு, மின்சாரம், கவ்வாத்து வெட்டுவோர், மருந்தடிப்போர், தொழிற்சாலையில் இரவு விழித்திருப்போர் ஆகியோரின் செலவெல்லாம் அடங்கும். தேயிலை விளைவிக்கும் நாடுகளுள் இலங்கையின் உற்பத்திச் செலவு உயர்ந்தது என்பதும் தோட்ட நிருவாகிகள் கூறும் மெய்யே. பதினைந்துக்கும் நூறுக்கும் இடையேயோ கப்பற் கூலி, கலப்பு வேலை, அட்டைப் பெட்டி, விளம்பரம், கடை வாடகை, வரி என்பனவும், அவற்றைச் செய்வோரின் ஊதியமும் இருக்கின்றன. ஹம்பேர்க் துறைமுகத்திற் பெட்டி சுமப்பவரும் இலண்டன் கடையிற் பணம் வாங்குபவரும் அம்மலையிற் கொழுந்து பறிப்பவரைக் காட்டிலும் அதிகமாக உடல் வருந்துகின்றனர் என்று எவரும் சொல்லார். அவர்களுடைய ஒரு மணி நேரம் அவ்வளவு விலை பெறுவதும், இவருடைய ஒரு முழு நாள் இவ்வளவே விலை பெறுவதும் எதனால்? வினாவின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

அம்முடிச்சை அவிழ்த்தவருள் முதன்மையானவர் ஆதர் லூயிஸ் என்னும் பேரறிஞர். மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய செயின்ற் லூசியாவிற் பிறந்தவர். 1979ஆம் ஆண்டிற் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர். கரும்புத் தோட்டங்களைச் சூழ்ந்த மண்ணில் வளர்ந்தவராதலின் தோட்டத்தின் இயல்பு அவருக்குப் புதிதன்று. 1978இல் வெளிவந்த தம் நூலொன்றில் அவர் காட்டும் சித்திரம் இது: பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் முதலாம் உலகப் போர் வரையில் இரு பெரும் மக்கள் வெள்ளங்கள் உலகிற் புறப்பட்டன. ஏறத்தாழ ஐந்து கோடி ஐரோப்பியர் அமெரிக்கா, அவுஸ்திரேலியா, ஆர்ஜெந்தீனா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். அதே அளவினரான இந்தியரும் சீனரும் வெப்பவலயத்துத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் சென்றனர். ஐரோப்பிய உழவன் தன் ஊரில் ஓர் ஏக்கரில் விளைவித்த தானியம், வெப்பவலயத்து உழவன் விளைவித்ததைப் போல் இருமடங்குக்கும் மேற்பட்டது. அவனைக் கடல் கடந்து வரச் செய்ய வேண்டுமாயின், ஊரிற் கிடைப்பதை விடக் கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிடின் அவன் வரமாட்டான். வானம் பார்த்த பூமியில் ஒருபோக விளைச்சலும் பொய்த்துப் பட்டினி கிடந்தவனுக்கோ மிகச் சொற்பமே போதுமானதாயிற்று. ஆகவே அவுஸ்திரேலியாவின் ஆட்டு உரோமம் விலையேறியதாகவும், இலங்கையின் தேயிலை மலிந்ததாகவும் ஆயின. உரோமத்திலோ தேயிலையிலோ அதற்குக் காரணம் இல்லை. தேயிலை குளிர்நாட்டுப் பயிராகவும் உரோமம் வெப்பநாட்டுப் பொருளாகவும் இருந்திருப்பின், தேயிலை விலையுயர்ந்து உரோமம் மலிந்திருக்கும் என்பது லூயிஸின் வாதம்.

தமிழில் இதனை ஒரே சொல்லாற் கூறிவிடலாம்: போக்கிடம். ஒருவனுடைய கையின் விலை, அவன் என்ன செய்கிறான் என்பதைக் காட்டிலும், அதனைச் செய்யாது விட்டால் அவனுக்கு வேறு போக்கிடம் உண்டா என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது.

ஊவா மலைகளுக்கு வந்தவர்களின் வரலாறு இதற்குச் சான்றாகும். 1869ஆம் ஆண்டிற் கோப்பிச் செடியைப் பற்றிய இலைநோய் ஓரிரு தசாப்தங்களில் அப்பயிரை அழித்தொழித்தது. ஜேம்ஸ் டெயிலர் என்பவர் 1867இல் லூல்கந்துரவிற் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் ஆட்கள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும். அக்கைகள் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து வந்தன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் எத்தனையோ குடும்பங்களை ஊரை விட்டுத் துரத்தியது. அழைத்துவந்த கங்காணி கொடுத்த வழிச்செலவே முதற் கடனாயிற்று. கடனின் தொகையைக் குறித்த துண்டு கங்காணியின் கையில் இருக்க, அதனைத் தீர்த்தாலன்றி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லவும் இயலாது. துண்டு முறை 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பின்னால் பஞ்சம், முன்னால் கடன், சுற்றிலும் பிறர் நிலம். இத்தகையோரின் உழைப்புக்கு விலைபேசுதல் எவருக்குத்தான் கடினம்?

லிப்டன் செய்த வேலையின் நுட்பத்தையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும். அவர் கொடியவர் என்று காட்டுவதற்காக அன்று. அவருடைய திறமை பொருளியலைப் பெரிதும் விளக்குவது என்பதற்காகவே. தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்ற காலத்தில் அவர் அதனைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, அவற்றின்மேற் தம் பெயரைப் பொறித்து, தோட்டத்திலிருந்து நேரே வாடிக்கையாளரிடம் வருவதாக விளம்பரம் செய்தார். மக்கள் அதன்பின் தேயிலை வாங்கவில்லை, லிப்டனை வாங்கினர். தேயிலையை எம்மலையிலும் வளர்க்கலாம். பெயரை அவ்வாறு வளர்த்தல் அரிது. அப்பெயர் பின்னர் யூனிலீவர் நிறுவனத்திடம் சென்றது. அந்நிறுவனம் தன் தேயிலை வணிகத்தின் பெரும்பகுதியை, லிப்டனையும் வேறு பல வணிகப் பெயர்களையும் கிழக்காபிரிக்கத் தோட்டங்கள் சிலவற்றையும் சேர்த்து, 450 கோடி யூரோவுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. 2022 ஜூலை முதலாந் திகதி அவ்விற்பனை நிறைவுற்றது. அதே ஆண்டில் இலங்கை முழுவதும் ஏற்றுமதி செய்த தேயிலையின் பெறுமதி ஏறத்தாழ 126 கோடி அமெரிக்க டொலர். ஒரு நாட்டின் மலைகளெல்லாம் சேர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஈட்டவேண்டிய தொகை, பெரும்பாலும் பெயர்களுக்காகக் கைமாறிற்று. இலங்கையராகிய மெரில் பெர்னாண்டோ 1980களில் அவுஸ்திரேலியச் சந்தையிலே டில்மா என்னும் பெயருடன் நுழைந்தபோது முயன்றதும் இப்பெயர்ப் பெறுமதியை நாட்டுக்குள் வைத்துக்கொள்ளவே. ஒரு நிறுவனம் அதிலே வென்றது. நாடு முழுவதும் அவ்வாறு வெல்லுதல் எளிதன்று.

தனி மனிதனுக்குப் பொருந்தும் இவ்விதி நாடுகளுக்கும் பொருந்தும். சுதந்திரம் பெற்ற இலங்கையின் ஏற்றுமதி வருமானத்திற் பத்தில் ஒன்பது பங்கு தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்றிலிருந்தே வந்தது. அரிசி, கோதுமை மா, துணி, எண்ணெய், இயந்திரம் ஆகியவெல்லாம் வெளியிலிருந்து வந்தன. ஆர்ஜெந்தீனா நாட்டுப் பொருளியலறிஞர் ராவுல் பிரெபிஷும், ஜேர்மனியிற் பிறந்த ஹான்ஸ் சிங்கரும் 1949, 1950ஆம் ஆண்டுகளில் வெவ்வேறாக எழுதி ஒரே முடிவை எட்டினர். மூலப்பொருள் விற்று இயந்திரம் வாங்கும் நாடு, காலம் செல்லச் செல்ல, அதே இயந்திரத்துக்கு மேலும் மேலும் அதிகமான மூலப்பொருளைக் கொடுக்க நேரும் என்பது அம்முடிவு. காரணத்தை விளங்கிக்கொள்ளுதல் கடினமன்று. இலண்டன்வாசியின் வருமானம் இருமடங்காயின் அவர் இருமடங்கு தேநீர் அருந்தமாட்டார். மோட்டார் வண்டி வாங்குவார். மேலும், இயந்திரத் தொழிலிற் புது முறை வந்தால் அதன் பயன் அந்நாட்டுத் தொழிலாளரின் ஊதிய உயர்வாக அங்கேயே தங்கும். அவர்களுக்குத் தொழிற்சங்கமும் வேறு வேலையும் உண்டு. தேயிலையிற் புது முறை வந்தால், அதன் பயன் விலைக் குறைவாக வாங்குவோரைச் சென்றடையும். இதனிடையே கென்யாவும் பிற நாடுகளும் தேயிலையைப் பெருக்கின. ஒவ்வொரு நாடும் தனித்தனியே நியாயமாகச் செய்த காரியம், எல்லோரும் சேர்ந்து செய்தபோது விலையை இறக்கியது.

நாட்டுக்குப் போக்கிடம் கிடைத்தால் விலை எவ்வாறு மாறும் என்பதற்கும் இலங்கை வரலாற்றிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கொரியப் போரின்போது உயர்ந்த இறப்பர் விலை விரைவிற் சரிந்தது. அரிசியின் விலையோ ஏறியது. மேற்குநாட்டுச் சந்தையில் இரண்டிலும் இலங்கைக்கு நட்டமே. அப்போது வணிக அமைச்சராயிருந்த ஆர். ஜி. சேனநாயக்க சீனத்தோடு பேச்சு நடத்த, 1952 டிசம்பரில் இறப்பர்–அரிசி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. சீனம் சந்தை விலைக்கு மேலாக இறப்பருக்குக் கொடுத்தது. ஆண்டுதோறும் 2,70,000 தொன் அரிசியை அனுப்ப இணங்கியது. அதன் பொருட்டு அமெரிக்க உதவியை இலங்கை சில ஆண்டுகள் இழக்க நேர்ந்தது. மரம் அதே மரம், பால் அதே பால். இரண்டாவதாக ஒரு கொள்வனவாளர் வந்தமையே வேறுபாடு.

ஏழை நாடுகள் அனைத்தும் கூடி நின்றால் என்ன என்ற எண்ணம் 1964ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவெடுத்தது. ஐக்கிய நாடுகளின் வணிக அபிவிருத்தி மாநாட்டுக்குப் பிரெபிஷே முதற் செயலாளர் நாயகமானார். எழுபத்தேழு நாடுகள் ஒரு குழுவாகத் திரண்டன. 1974 முதல் 1984 வரை அப்பதவியை வகித்தவர் இலங்கையின் கமனி கொரியா. 1976இல் நைரோபியில் அவர் முன்வைத்த திட்டத்தில் தேயிலையும் இடம்பெற்றது. விலை விழும்போது வாங்கிச் சேமித்து, ஏறும்போது விற்றுச் சமன்செய்யப் பொது நிதியொன்று வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. தேயிலையைப் பொறுத்தமட்டில் அது கைகூடவில்லை. தகரத்தைப் பத்தாண்டு களஞ்சியத்தில் வைத்தாலும் தகரமாகவே இருக்கும். தேயிலையோ நாட்பட மணமிழக்கும். பழைய தோட்டங்களையுடைய நாடும் புதிதாகப் பயிரிட்ட நாடும் ஏற்றுமதிப் பங்கீட்டில் உடன்படவும் இல்லை. பொது நிதி 1989இலே நடைமுறைக்கு வந்தபோது, முதலில் எண்ணியதன் நிழலாகவே இருந்தது.

தோட்டங்களை அந்நியரிடமிருந்து எடுத்தால் எல்லாம் சீராகும் என்று நம்பியோர் பலர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைகள் சென்றனர், பங்களாக்களில் வேறு துரைகள் அமர்ந்தனர். கலப்பும் பெயரும் விளம்பரமும் முன்னிருந்த இடத்திலேயே இருந்தன. நூறில் பதினைந்தின் உரிமை மாறியது, எண்பத்தைந்து அசையவில்லை. அக்காலத்திலேதான் உலகச் சந்தையில் தானியமும் எண்ணெயும் விலையேறின. தேயிலை அவற்றுக்கு ஈடாக ஏறவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளிற் பங்கீட்டு மா குறைக்கப்பட்டபோது, கிழங்கு நடுவதற்கும் ஒரு துண்டு நிலமற்ற தோட்ட மக்களிடையே இறப்பு விகிதம் உயர்ந்தது. பொருளியலிலே பரிவர்த்தனை விகிதம் எனப்படும் வறண்ட சொல்லின் பொருளை அவர்கள் வயிற்றால் அறிந்தனர்.

இவ்விடத்திற் பழியெல்லாம் கடலுக்கு அப்பால் என்று கூறிவிடுதல் நேர்மையாகாது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றோராக்கியது கொழும்பிலேதான். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது, எஞ்சியோரின் விதி பத்தாண்டு பின்தள்ளப்பட்டது. அக்கரைக்கு அனுப்பப்பட்டோருட் பலருக்கு நீலகிரியில் அமைந்த அரசுத் தேயிலைத் தோட்டங்களே கிடைத்தன. தேயிலையிலிருந்து தேயிலைக்கே சென்றனர். வாக்குரிமையற்றவனுக்காக எந்த அரசியலாளரும் பேரம் பேசார். பிரச்சினை சட்டப்படி முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுவரை செல்ல வேண்டியிருந்தது. 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாட்டின் சிற்றூர்களை மாற்றியமைத்தது. தோட்டப் பாடசாலைகளோ 1970களின் பிற்பகுதியிலேதான் அரசின் கைக்கு வரத் தொடங்கின. முப்பது ஆண்டுத் தாமதம் என்பது ஒரு தலைமுறையின் போக்கிடம்.

ஆகையால், நாடுகளின் சராசரிகளைக் கேட்கும்போது சற்று எச்சரிக்கை வேண்டும். உலக வங்கி 2019 ஜூலையில் இலங்கையை உயர் நடுத்தர வருமான நாடுகளின் வரிசையிலே சேர்த்தது. அடுத்த ஆண்டே மீண்டும் கீழ் வரிசையில் வைத்தது. தலைக்குரிய வருமானம் 4,060 டொலரிலிருந்து 4,020 டொலராக இறங்கியமையும், எல்லைக்கோடு சற்று மேலே நகர்ந்தமையும் இதற்குப் போதுமாயிருந்தன. அவ்விரு அறிவித்தல்களும் லயன் அறைக்குள் எதனையும் மாற்றவில்லை. 2019ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பின்படி நகர்ப்புறத்தில் வறியோர் நூற்றுக்கு 6 பேர், கிராமப்புறத்தில் 15, தோட்டப்புறத்தில் 33.8. நாடுகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு ஒரு நாட்டுக்குள்ளும் அப்படியே குடியிருக்கிறது. ஆயினும் உலகத்தார் அனைவரின் வருமான வேறுபாட்டையும் அளந்த பிராங்கோ மிலனோவிக் என்னும் அறிஞர், அதிற் பாதிக்கும் மேற்பட்ட பங்கு ஒருவர் எந்நாட்டில் வாழ்கிறார் என்பதாலேயே தீர்மானிக்கப்படுகிறது என்று கண்டார். உழைப்பும் திறமையும் எஞ்சிய பாதிக்குள்ளேதான் போட்டியிட வேண்டும்.

நாட்டின் வீழ்ச்சி எவர் தலையில் முதலில் விடிகிறது என்பதை 2022ஆம் ஆண்டு காட்டிற்று. நீண்ட போராட்டத்தின் பின் 2021 மார்ச்சிலே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாயிற்று. அன்று அது ஏறத்தாழ ஐந்து டொலர். அவ்வாண்டு இரசாயன உரத்தின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரிலே தடை நீங்கியபோது செடி மெலிந்திருந்தது. ஈரானிடம் முன்னர் வாங்கிய எண்ணெய்க்குரிய 25 கோடி டொலர்க் கடனைத் தேயிலையாகத் தீர்ப்பதற்கு டிசம்பரில் உடன்பாடு செய்யப்பட்டது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கொடுப்பதை இலங்கை நிறுத்தியது. ரூபாவின் பெறுமதி சரிய, அதே 1,000 ரூபா மூன்று டொலருக்கும் குறைந்துவிட்டது. கோதுமை மாவின் விலையோ ஏறத்தாழ மும்மடங்காயிற்று. உரொட்டியே காலையுணவும் இரவுணவுமாகிய வீடுகளில் இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. டொலருக்கு விற்பனையாகும் தேயிலையின் ரூபா விலை ஏலத்தில் இருமடங்காகியது. உரமும் எரிபொருளும் அதில் ஒரு பகுதியை விழுங்கின என்பது உண்மை. சம்பளம் 1,350 ரூபாவாவதற்கு 2024 செப்டெம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

போக்கிடமின்மை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் கொஸ்லந்த மறக்க இயலாத ஒரு காலையில் அறிந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, அவ்வூரையடுத்த மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களின் மீது இறங்கியது. தொழிலாளர் பலர் தம் குடும்பத்தாரோடு மண்ணுள் மறைந்தனர். பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பித் திரும்பியபோது வீடும் இல்லை, வீட்டாரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்பது முன்னரே தெரியாததன்று; 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கையைக் கேட்டும் ஏன் விலகவில்லை என்று பட்டணத்தில் அந்நாட்களிற் சிலர் கேட்டனர். எங்கே விலகுவது? லயன் தோட்டத்துக்குரியது, நிலம் அரசினது, குத்தகை நிறுவனத்தினது. நான்கு தலைமுறையாக அம்மலையைப் பசுமையாக்கியவர் பெயரில் ஒரு பேர்ச்சஸ் மண்ணும் இல்லை. பத்துப்பேர் கொண்ட வீட்டை மழைக்காலத்திற் பெயர்த்து எடுத்துச் செல்ல அது கூடாரமும் அன்று. ஜப்பானிலும் சுவிற்சர்லாந்திலும் மலைகள் சரிகின்றன. அங்கே எச்சரிக்கை வந்தால் மக்கள் செல்வதற்கு ஓரிடம் இருக்கிறது; செல்வந்த நாடு என்பதன் பொருள்களில் இதுவும் ஒன்று.

எஞ்சியோருக்குப் பின்னர் பூணாகலைப் பக்கத்திலே தனி வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. மலையகம் முழுவதும் லயன்களுக்குப் பதிலாகச் சிறு காணியில் வீடு என்னும் திட்டம் நடைபெற்று வருகிறது. இந்தியாவின் உதவியோடும் பல்லாயிரம் வீடுகள் திட்டமிடப்பட்டுள்ளன. வேகம் போதாது. ஆயினும் திசை சரியானது.

இதனிடையே மக்கள் தாமாகவே வேறு வழிகளைத் தேடிக்கொண்டனர். தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்பின் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மேற்காசிய நாடுகளுக்கும் செல்கின்றனர்; ஆசிரியராவோரும் தாதியராவோரும் இருக்கின்றனர். விளைவாக, ஒரு காலத்தில் ஆட்கள் மிகுந்திருந்த மலைகளிற் கொழுந்து பறிக்க ஆளில்லை என்று நிருவாகிகள் குறைகூறுகின்றனர். லூயிஸ் இருந்திருப்பின் அக்குறையைக் கேட்டு மகிழ்ந்திருப்பார். சில நிறுவனங்கள் செடிகளைத் தொழிலாளரிடமே பிரித்து ஒப்படைத்து, வருமானத்திற் பங்கு கொடுக்கும் முறையையும் தொடங்கியுள்ளன.

இந்நாட்டுத் தேயிலையில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட பங்கை விளைவிப்போர் பெருந்தோட்டத்தாரல்லர்; சிறு நிலவுடைமையாளரே. அவர்கள் கொடுக்கும் கொழுந்துக்கு விலை நிர்ணயிக்க ஒரு விதி உண்டு: விற்பனைச் சராசரியில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. தொடக்கத்திற் போட்ட கணக்கை இவ்விதியோடு சேர்த்துப் பார்த்தால், அதே 18 கிலோக் கொழுந்துக்குச் சிறுதோட்டக்காரர் பெறுவது ஏறத்தாழ 3,300 ரூபா. உரத்துக்கும் கவ்வாத்துக்கும் அதிலிருந்தே செலவிடுகிறார். அவ்வளவும் கழித்த பின்னரும் 1,350 ரூபாவுக்கு மேல் எஞ்சும் நாட்கள் பல. அவருடைய செடி தோட்டத்துச் செடியிலிருந்து வேறானதன்று. விரல்களும் வேறானவை அல்ல. நிலம் அவர் பெயரில் இருக்கிறது. லயனுக்குப் பதிலாகக் கிடைக்கும் சிறு காணியில் ஒரு வீடு நிற்கும்; கொல்லையில் நான்கு வாழையும் நிற்கும். தேயிலை நிற்க அதில் இடமில்லை.